விழுந்தவன் கயிற்றை விடக்கூடாது

குஸ்தாவை அன்னிக் சாகடித்தது அன்றோடு நான்காவது முறை.

குஸ்தாவ் மனிதன் இல்லை. துறைமுகச் சுவரில் படகு உரசாமலிருக்கத் தொங்கவிடும் ரப்பர் மிதவை. ஆரஞ்சு நிறம், பூசணிக்காய்ப் பருமன். அதற்குக் கறுப்பு பெயின்ட்டில் கண்ணும் மீசையும் வரைந்து பெயரும் வைத்திருந்தான் கில்டாஸ். நினைத்த நேரத்தில் அதைக் கடலில் தூக்கிப் போடுவான். "ஆள் விழுந்தாச்சு" என்று ஒரு குரல் கொடுப்பான். அதன்பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். படகைத் திருப்பிப் பாயை அடக்கி, குஸ்தாவைக் கொக்கி போட்டு மேலே இழுப்பது அவன் மனைவி அன்னிக்கின் பாடு.

கணவனும் மனைவியுமாக இரண்டே பேர் தீவு தீவாகச் சுற்றும் பாய்மரப் படகுகளில் இந்தப் பயிற்சியைச் செய்யாதவர்கள் கிடையாது. ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இன்னொருவரை விட்டால் யார்? ஆனால் மற்றவர்கள் கடல் அடங்கிய நாளாகப் பார்த்துச் சொல்லிவிட்டுச் செய்வார்கள். கில்டாஸ் அவள் வெங்காயம் நறுக்கும்போது செய்வான். தலைக்கு சோப்புப் போட்டிருக்கும்போது செய்வான்.

"கடல் என்ன, கதவைத் தட்டிட்டா வரும், அம்மணி?"

'அம்மணி' என்று வந்துவிட்டால் அன்றைக்கு மதிப்பெண் பூஜ்யம்.

அத்தோடு விட்டால் பரவாயில்லை. தினமும் காலையில், பசிபிக்கின் அந்த மூலையில் திரியும் படகுகள் எல்லாம் ரேடியோவில் ஒன்றுகூடும். ஹூப் என்ற ஹாலந்துக்காரர், முன்னாள் பள்ளி வாத்தியார், வருகைப் பதிவு எடுப்பதுபோல் ஒவ்வொரு படகின் பெயராகக் கூப்பிடுவார். எங்கே இருக்கிறோம், எங்கே போகிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்ன இடத்துக்கு வந்து சேராத படகைத் தேட மற்ற படகுகள் கிளம்பிவிடும். அதனால் ரேடியோவில் சொன்ன சொல்லுக்கு அங்கே சத்தியத்தின் எடை. ஊரை மாற்றினால் எல்லார் காதிலும் விழும்படி காரணம் சொல்லியாக வேண்டும். கில்டாஸ் ஒருதடவைகூட மாற்றியதில்லை. அதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை.

அவன் படகான 'ஆர்மோர்' பதிவில் முதல் பெயர். இருப்பிடம் சொன்ன கையோடு அவன் கச்சேரி ஆரம்பித்துவிடும்.

"குஸ்தாவுக்கு இன்னிக்கும் அடக்கப் பூசைதான், ஹூப். பக்கத்துல பாதிரியார் யாராவது இருந்தா அனுப்பி வைங்க. என் பொண்டாட்டி கையில சிக்குனவன் பொழைச்சதா சரித்திரமே இல்லை."

பத்துப் படகுகளின் சிரிப்பு ஒலிபெருக்கியில் கரகரக்கும். பேசி முடித்ததும் மைக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். படகுக்கு ஒரு வாய்தான் இருக்கணும் என்பது அவன் கொள்கை.

அந்த வாய் தனக்கு வேண்டும் என்று அன்னிக் அதுவரை ஆசைப்பட்டதில்லை. மார்பில் ஒரு கட்டி தட்டுப்படும்வரை.

ஃபட்டு ஹிவா தீவில், அருவியில் குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்டது. இடது மார்பில், அக்குள் ஓரம். அந்தத் தீவில் டாக்டர் கிடையாது, ஒரே ஒரு நர்ஸ். சிரித்துப் பேசிக்கொண்டே தொட்டுப் பார்த்தவள் பாதியில் பேச்சை நிறுத்திவிட்டாள். நாள் கடத்தக் கூடாது, வேறெங்கும் தங்காமல் நேரே தாஹிட்டிக்குப் போய்விடுங்கள், பாப்பேட்டே ஆஸ்பத்திரியில் பார்த்துவிடுவார்கள் என்றாள்.

பக்கத்திலிருந்த கில்டாஸ் தலையாட்டினான். நேராகப் பாப்பேட்டேதான் என்று நர்ஸ் கையைப் பிடித்துச் சொன்னான். அவள் கொடுத்த பம்ளிமாஸ் பழங்களை வாங்கிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்து விடைபெற்றான். நங்கூரம் ஏறியது. மலை நிழலைத் தாண்டியதும் ஆட்டோபைலட்டில் திசையை அழுத்தினான்.

தெகோருவின் திசை.

தெகோரு ஒரு பவளத்திட்டு. நடுவில் குளம், சுற்றிலும் தென்னை. விமானம் இறங்காது. கொப்பரை ஏற்றுகிற கப்பல் அதற்குத் தோன்றும்போது வரும்.

"பாப்பேட்டே அந்தப் பக்கம்" என்றாள் அன்னிக்.

"தெரியும். ரேடியோவுல தெகோருன்னு சொல்லியாச்சு. அங்க ரெண்டு மூணு மாசம் இருந்துட்டு, புயல் காலத்துக்கு முன்னாடி போய்க்கலாம்."

"நர்ஸ்கிட்டச் சொன்னியே."

"பாவம், அந்தப் பொண்ணு பயந்து போயிருந்தா. ஒரு ஆறுதலுக்குச் சொன்னேன்." பம்ளிமாஸ் ஒன்றை உரித்துச் சுளையை வாயில் போட்டான். "பாப்பேட்டே போனா அது பாப்பேட்டேயோட நிக்குமா? டெஸ்டுன்னுவான், ஊருக்குப் போன்னுவான், நம்ம பிரெஸ்ட் நகரத்து ஆஸ்பத்திரி வராந்தாவுல கொண்டு போய் உட்கார வைப்பான். இந்தப் படகுக்காக வீட்டையே வித்தவன் நான். ஒரு பட்டாணிக்காகத் திரும்ப மாட்டேன்."

அன்றிலிருந்து அதற்குப் பட்டாணி என்றே பெயராகிவிட்டது. காலையில் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்பான்: "பட்டாணி நல்லாத் தூங்குச்சா?"

அவள் வரைபடத்தைப் பார்ப்பாள். தெகோருவுக்கும் பாப்பேட்டேக்கும் இடையில் கோணம் நாளுக்கு நாள் விரிந்துகொண்டிருந்தது.

அப்படி ஒரு நாள்தான் குஸ்தாவ் நான்காவது முறையாகச் செத்தான். அதுவே கடைசி. மறுநாள் அவன் விழுந்ததும் அன்னிக் பதறவில்லை. சக்கரத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்பினாள். படகு முனகிக்கொண்டு நின்றது. குஸ்தாவ் தானாகவே வந்து பக்கவாட்டில் முட்டினான். குனிந்து மீசையைப் பிடித்துத் தூக்கினாள்.

குஸ்தாவ் பிழைத்த செய்தி ரேடியோவில் வரவே இல்லை.

அன்று மாலையே அவன் தானே குதித்தான். அதற்கும் விதி வைத்திருந்தான். படகின் பின்னால் எப்போதும் ஒரு நீண்ட கயிறு மிதந்து வரும், நுனியில் சின்ன மிதவை கட்டி. விழுந்தவன் அதைப் பிடிக்க வேண்டும். உயிரே போனாலும் விடக்கூடாது. மேலே இருப்பவர் கையை நேராக நீட்டி விழுந்தவனைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுத்தால் அலை மறைத்துவிடும், அப்புறம் தேங்காய் எது, தலை எது என்று தெரியாது. இதையெல்லாம் அவன் சொல்லிச் சொல்லி அவளுக்குக் கனவில்கூட வரும்.

அவள் கையை நீட்டினாள், திருப்பினாள், நிறுத்தினாள், ஏற்றினாள். ஒரு பிசிறு இல்லை.

மறுநாள் ரேடியோவில் அவன் சொன்னது வேறு. "நான் தண்ணியில கிடந்த நேரத்துக்கு ரெண்டு சுறா வந்து பேரு ஊரெல்லாம் விசாரிச்சுட்டுப் போச்சு, ஹூப். எல்லாம் அம்மணி தயவு."

பத்துப் படகுகளும் சிரித்தன. ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள் அன்னிக். பாப்பேட்டே பக்கம் போகிற படகு ஏதாவது இருந்தால் என்னை ஏற்றிக்கொள்ளச் சொல், அதையாவது கேள் என்று அவன் காதருகே சொன்னாள். அவன் மைக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான்.

அடுத்த நாள் காலை, பதிவுக்குச் சற்று முன்னால், மைக்கைச் செருகி வயரை நீட்டி இழுத்துவந்து சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்த இருக்கையில் வைத்தான். ஏறி வந்ததும் ஈரத்தோடு பேச வேண்டுமாம். செய்தி சூடாக இருக்கணுமாம். சட்டையைக் கழற்றி எறிந்தான்.

"கேக்குறவங்களுக்கு நான் மூச்சு வாங்குறது தெரியணும்" என்று கண்ணடித்துவிட்டுப் பின்பக்கமாகக் குதித்தான்.

கயிற்றைப் பிடித்துவிட்டான். அதில் அவன் கெட்டிக்காரன்.

அன்னிக் முன்பாயைச் சுருட்டினாள். படகு நடைவேகத்துக்கு வந்தது. ஆனால் அவள் காற்றுக்கு எதிராகத் திருப்பவில்லை. ஆட்டோபைலட்டில் பொத்தானை அழுத்தினாள், மறுபடி, மறுபடி. படகின் மூக்கு தெகோருவை விட்டு மெல்ல மேற்கே நகர்ந்தது.

கில்டாஸ் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பின்புறம்வரை வந்துவிட்டான். ஏணி மேலே மடங்கியிருந்தது. தண்ணீரிலிருந்து இழுத்தாலே இறங்கும் ஏணிதான். ராத்திரியில் கடகடவென்று தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அவனே இறுக்கிக் கட்டிவைத்திருந்தான்.

"திருப்பவே இல்லை. பாதி மார்க்குதான். ஏணியை இறக்கு."

"பாப்பேட்டேன்னு சொல்லு."

அவன் சிரித்தான். தண்ணீர் வாய்க்குள் போய்த் துப்பினான். "சரி, பாப்பேட்டே. இறக்கு."

"என்கிட்ட இல்லை." அவள் மைக்கை எடுத்துக் காட்டினாள். "இதுல. எல்லாருக்கும் கேக்குற மாதிரி. நான் பிடிச்சுக்கிறேன், நீ கத்து."

உள்ளே ஹூப்பின் குரல் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு, "ஆர்மோர்? ஆர்மோர், இருக்கீங்களா?"

கில்டாஸின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. ஹூப் முன்னால், பத்துப் படகுகள் முன்னால், பெண்டாட்டி சொல்லுக்குக் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஊரை மாற்றுவதா?

"இது என் படகு, அன்னிக். போற ஊரை நான் சொல்லுவேன்."

"அப்ப தொங்கு."

"எவ்வளவு நேரம்?"

"உன் இஷ்டம்."

"ஆர்மோர் பதில் இல்லை, கடைசியில் மறுபடி கூப்பிடுறேன்" என்று ஹூப் அடுத்த படகுக்குப் போய்விட்டார்.

ஒரு அலை வந்து கில்டாஸைத் தூக்கிப் போட்டது. தலையை உதறிவிட்டு அவளை அண்ணாந்து பார்த்தான். கோபம் போய், அவன் முகத்தில் பயிற்சி நடத்தும்போது வரும் வாத்தியார் களை வந்துவிட்டது.

"உன்னை எனக்குத் தெரியாதா? ஈயை அடிச்சாலே அழறவ நீ. அவ்வளவு துணிச்சல் இருந்தா ஃபட்டு ஹிவாவிலேயே பட்டாணியைத் தூக்கிட்டு இறங்கிப் போயிருப்பே. இப்பப் பாரு. நான் விடுறேன், நீ சுத்திக்கிட்டு வருவே. வந்து ஏணியையும் இறக்கி, மன்னிப்பும் கேப்பே."

"கில்டாஸ், விதி."

"விதி போட்டவனே நான்தான், அம்மணி."

விட்டான். இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினான், பார் என்பதுபோல.

அன்னிக்கின் வலது கை தானாக எழுந்து அவனை நோக்கி நீண்டது. அத்தனை நாள் பழக்கம். இடது கை சக்கரத்துக்குப் போகும் என்று அவளே எதிர்பார்த்தாள். போகவில்லை. அது முன்பாயின் கயிற்றை அவிழ்த்தது. பாய் படாரென்று விரிந்து காற்றை விழுங்கியது. படகு ஒரு பக்கம் சாய்ந்து வேகம் பிடித்தது.

அவன் விரித்த கை விரித்தபடியே இருந்தது. கொஞ்ச நேரம் கைதட்டினான். அவளுடைய நடிப்புக்குப் பாராட்டு. பிறகு கை தட்டுவது நின்றது. பிறகு நீந்த ஆரம்பித்தான். மிதவைக்கும் அவனுக்கும் நடுவே ஒரு அலை புகுந்தது, பின்னால் இன்னொன்று.

காற்றில் அவன் குரல் வந்தது. ஒரே சொல்.

"பாப்பேட்டே..."

தெளிவாகத்தான் கேட்டது. நர்ஸின் கையைப் பிடித்தபோதும் இதே சொல், இதே தெளிவு. அன்னிக் கையை இறக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. விதிப்படி தோள் வலிக்க வலிக்கக் காட்டிக்கொண்டே நின்றாள். தலை தெரிந்தது. அலை உச்சியில் தெரிந்தது. எப்போதாவது தெரிந்தது. அப்புறம் அவள் விரல் வெறும் தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தது.

கை இறங்கியது. இடது மார்பில் பட்டாணியை ஒருமுறை தொட்டுப் பார்த்தது. இருந்தது.

கயிற்றை இழுத்துச் சுருட்டி அதனிடத்தில் மாட்டினாள். அவன் சட்டை காற்றில் பறந்துவிடாமல் மடித்து உள்ளே வைத்தாள். காப்பி ஆறிப் போயிருந்தது. குடித்தாள்.

"கடைசியா ஒரு தடவை. ஆர்மோர்?"

மைக்கை எடுத்தாள். ஏழு வருஷத்தில் முதல் தடவை. பொத்தானை அழுத்திக்கொண்டுதான் பேச வேண்டும் என்பதுகூட ஒரு கணம் மறந்துவிட்டது.

"ஆர்மோர். அன்னிக் பேசறேன்."

"அட, அம்மணியா! அதிசயமா இருக்கே. உங்க வாய்க்குப் பூட்டுன்னுல்ல நினைச்சோம். எங்கேம்மா போறீங்க? தெகோருதானே?"

"இல்லை, ஹூப். பாப்பேட்டே. நான் டாக்டரைப் பார்க்கணும். ஊரை மாத்தி எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். ஒன்றும் பெரிதாக இருக்காது, தைரியமா இருங்க என்றார். பிறகு குரலில் குறும்பு ஏறியது. மற்ற படகுகளும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது.

"சரி, இன்னிக்குப் பயிற்சி என்ன ஆச்சு? பூசைக்குப் பாதிரியாரை அனுப்பணுமா?"

அன்னிக் பின்னால் திரும்பிப் பார்த்தாள். படகின் வெள்ளைத் தடம் நேராக, ஒரு வளைவும் இல்லாமல் அடிவானம்வரை கிடந்தது.

"நடந்துச்சு, ஹூப். நான் தேறிட்டேன். கில்டாஸ்தான் தேறலை."

பத்துப் படகுகளும் விழுந்து விழுந்து சிரித்தன.