அலைக்கும் அலைக்கும் நடுவே

பிடுங்கிப் போட்ட சின்ன வெங்காயம் கொல்லையில் தாளோடு காய்ந்துகொண்டிருந்தது. ஜெகதாம்பாள் வரப்பில் உட்கார்ந்து, தம்பியின் படகுக்கு எந்த வானிலைச் சேவை என்று முடிவே செய்துவிட்டாள். ரஞ்சன்குடியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் மாறி மாறிப் போக வேண்டும். ஆனாலும் நாகப்பட்டினத்தில் பெண் எடுத்து, மாமனாரின் விசைப்படகை ஓட்டக் கற்றுக்கொண்ட மணிவண்ணனுக்கு எதற்கும் அக்காவின் வாய்ச்சொல் வேண்டும். செல்போன் சிக்னல் எட்டாத ஆழ்கடலுக்கு நாளை விடியலில் முதன்முறையாகப் போகிறான். படகில் சாட்டிலைட் கருவி பொருத்தியாயிற்று. அதற்கு வானிலைச் செய்தி அனுப்பும் கம்பெனிகள் இரண்டு. ஒன்றை இன்றைக்குள் சொல்லியாக வேண்டும்.

"மொதக் கம்பெனியவே எடுத்துக்கடா மணி. ரெண்டு பேரு சொல்றதையும் நம்ம கொல்லையில வச்சே பாத்துட்டேன். மழை வராதுன்னான், வரல. ரெண்டாவது ஆளு சும்மா சும்மா பயமுறுத்துறான். தார்ப்பாய இழுத்து இழுத்து மூடி உங்க மாமாவுக்கு இடுப்பே போச்சு."

போனுக்குள் மணிவண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, கடல்ல மழை பேஞ்சா தலையத் தொவட்டிக்கிட்டுப் போயிடுவோம். நான் என்ன அங்க வெங்காயமா காயவைக்கப் போறேன்?"

"கேட்டுச்சா? இதுக்குத்தான் என் இடுப்ப ஒடிச்சியா?" என்றான் பக்கத்தில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் அரியமுத்து.

மணிவண்ணன் பொறுமையாக விளக்கினான். படகுக்கு எமன் மழையல்ல, காற்றும் அலையும். அலையின் உயரம் மட்டும் தெரிந்தால் போதாது, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளியும் தெரிய வேண்டும். பெரிய அலையே ஆனாலும் நிதானமாக வந்தால் படகு மேடேறி இறங்கிவிடும். அதே உயரம் நெருக்கி நெருக்கி வந்தால், குனிந்த முகப்பு நிமிர்வதற்குள் அடுத்தது தலைமேல் விழும்.

"இப்ப போற பயணத்துக்கு ரெண்டு பேரும் என்னடா சொல்றாங்க?"

"மொதல்ல உள்ளவன் கடல் அமைதிங்கறான். ரெண்டாவது ஆளு, மூணாம் நாளுக்கு மேல அலை நெருங்கலாம், அப்பப்ப சொல்றேங்கறான். அவன் பேச்சக் கேட்டா பாதி நாள் வெறும் வலையோட திரும்பணும்னு கூட வர்ற மாமனாரு திட்டுறாரு."

ஜெகதாம்பாள் மடித்துப் போட்டிருந்த தார்ப்பாயைப் பார்த்தாள். வராத மழைக்கு மூடியதில் போனது வேர்வைதான். ஒரு தடவை மழை வந்து, மூடாமல் விட்டிருந்தால் அத்தனையும் அழுகியிருக்கும்.

"ரெண்டாவதயே எடுத்துக்க."

"அக்கா..."

"வெறும் வலையோட வாடா. ஒன் மாமனார்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"யம்மாடி, அக்கா வாயில விழறதுக்கு அவருக்கு அலையே பரவால்ல" என்றான் மணிவண்ணன்.

படகு கிளம்பிய மூன்றாம் நாள் மதியம், மணிவண்ணன் ஏற்பாடு செய்திருந்தபடி, படகுக்குப் போன செய்தியின் நகல் அவள் போனுக்கும் வந்தது: நாளை காற்று வலுக்கும், அலை இடைவெளி குறையும். கருவியில் படித்திருப்பானா, படித்துத் திரும்பியிருப்பானா, மாமனார் விட்டிருப்பாரா, எதையும் இங்கிருந்து அறிய வழியில்லை. அவனுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது.

மேற்கே மேகம் கறுத்தது. "ஜெகதா, மழை வருது, ஓடியா!" என்று அரியமுத்து கத்தினான். அவள் கிழக்கே பார்த்து நின்றாள். பக்கத்துக் கொல்லையில் ஆளுயர மக்காச்சோளம். காற்று அதன்மேல் ஏறி, மொத்தப் பச்சையையும் ஒரு முறை சாய்த்துவிட்டுப் போனது. பயிர் மெல்ல நிமிர்ந்தது. அடுத்த காற்று அந்தக் கோடியில் புறப்படுவது தெரிந்தது. இங்கே வந்து சேருமட்டும் அவள் மூச்சு விடவில்லை.