சமையல்காரர் துறவறம் போன செய்தி

செவ்வாய்க்கிழமை பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது. வாகீசன் அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு இரண்டு கைகளாலும் இடியப்பப் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தான். "ஹலோ" என்றான். ஒரு மூச்சு நேரத்துக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு, விமான நிலையத்து அறிவிப்பைப் போல ஏற்ற இறக்கமில்லாத ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் தொடங்கியது. இது ரிலே சேவை, என் இலக்கம் நாற்பத்துநான்கு பதினேழு, காது கேளாத ஒருவர் உங்களை அழைக்கிறார், அவர் எழுதுவதை நான் வாசிப்பேன், உங்கள் பக்கம் கேட்பதை எல்லாம் நான் தட்டச்சு செய்து அவருக்குக் காட்டுவேன், பேசி முடிந்ததும் 'கோ அஹெட்' என்று சொல்லுங்கள்...

வாகீசன் போனை வைத்துவிட்டான்.

வைக்கச் சொன்னது கடை முதலாளி பொன்னம்பலம். இரண்டு வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு ரிலே அழைப்பில் யாரோ தேவாலயத்து ஒன்றுகூடலுக்கென்று நானூறு மட்டன் ரோல்ஸுக்கு ஓடர் கொடுத்தார்கள். கொடுத்த கிரெடிட் காட் களவுக் காட். ரோல்ஸை எடுக்க ஒருவரும் வரவில்லை. பொன்னம்பலத்தின் குடும்பம் அதை ஒன்பது நாட்கள் தின்றது. பத்தாம் நாள் அவருடைய மகள் சிவானி சைவத்துக்கு மாறினாள், இன்றுவரை திரும்பவில்லை. அன்றிலிருந்து கல்லாவுக்கு மேலே, லட்சுமி படத்துக்குக் கீழே, "ரிலே வந்தால் கட் பண்ணவும்" என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் லட்சுமிக்குக் காட்டும் சாம்பிராணி அதற்கும் சேர்த்தே கிடைத்துவந்தது.

பதினொன்றரைக்கு மறுபடியும் அதே குரல். வைத்தான். பதினொன்று நாற்பதுக்கு மூன்றாவது தடவை அடித்தபோது கடையில் ஆள் இல்லை. பொன்னம்பலம் சாமான் எடுக்க வான் வண்டியில் போயிருந்தார். சமையல்காரர் ஸ்ரீஸ்கந்தராசா குசினி வாசலில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ஒரு சில்லறைக் காசால் லொத்தர் சீட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பெட்டி கட்டும் துர்க்கா போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையில்லாத வேளையில் வாகீசனுக்குப் புத்தி நன்றாக வேலை செய்யும். முப்பத்தொரு வயதாகியும் அவன் இந்தக் கல்லாவிலேயே நிற்பதற்கு அதுதான் காரணம் என்பது பொன்னம்பலத்தின் கட்சி.

"அண்ணை, நாங்கள் என்ன சொன்னாலும் உவள் அப்பிடியே தட்டத்தான் வேணும். ஒரு சொல்லு விடேலாது. அதுதான் அவளின்ர வேலை" என்றான்.

"அதுக்கு?"

"பொறுங்கோ."

மறுமுனையில் பெண் வாசித்தாள்: "வணக்கம். எனக்குச் சாப்பாடு ஓடர் செய்ய வேண்டும். உங்கள் சமையல்காரர் இருக்கிறாரா? கோ அஹெட்."

வாகீசன் தொண்டையைச் செருமிக்கொண்டு, செத்தவீட்டுக் குரலில், தன்னால் முடிந்த மிகச் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னான். மன்னிக்க வேண்டும், எங்கள் சமையல்காரர் இன்று விடியற்காலை துறவறம் பூண்டுவிட்டார். இமயமலைக்குப் போயிருக்கிறார். அவருக்கு ஞானம் கிடைக்கும்வரை ஓடர் எடுப்பதில்லை. கோ அஹெட்.

துர்க்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தியும் சத்தம் வந்தது. "எனக்கு முழங்கால் ஏலாது, அங்க லிப்ட் இருக்கோ எண்டு கேள்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். போனுக்குள் விசைகள் தட்டுப்படும் சத்தம் மழைத்தூறல் போல நெடுநேரம் கேட்டது. பிறகு அமைதி.

"எத்தனை மணிக்குப் போனார்? கோ அஹெட்."

"ஐந்து மணிக்கு. ஒரு அகப்பையோடு. கோ அஹெட்."

மறுபடியும் தூறல். மறுபடியும் அமைதி. "அப்படியானால் நான் நேரில் வருகிறேன். நன்றி" என்று பெண் வாசித்தாள். அவள் குரலில் சிரிப்புமில்லை, கோபமுமில்லை. அது அவள் வேலையில் சேர்ந்ததில்லை. வெளியே வான் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வாகீசன் போனை வைத்துவிட்டு, அதுவரை வாழ்நாளில் வேறு எதையும் செய்யாதவன் போல இடியப்பப் பெட்டிகளை எண்ணத் தொடங்கினான்.

புதன்கிழமை பின்னேரம் அவர் வந்தார். கபில நிறக் கோட், காது மூடிய தொப்பி, சப்பாத்தில் பனித்தெருவில் போடும் உப்பின் கறை. தொலைவில் உள்ள ஸ்ரௌவ்வில் ஊரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. எழுபது வயதிருக்கும். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் தொப்பியைக் கழற்றி, காதைத் தொட்டு, உள்ளங்கையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினார். பிறகு கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, முன்பே எழுதிவைத்திருந்த பக்கத்தைத் திருப்பிக் கல்லாவில் வைத்தார். எழுத்து அச்சுப் போல இருந்தது.

"வணக்கம். என் பெயர் குலசிங்கம். எனக்குச் சிறு வயதிலிருந்தே காது கேளாது, பேசவும் வராது. நேற்றுத் தொலைபேசியில் அழைத்திருந்தேன். அந்தச் சேவையில் தமிழ் இல்லாதபடியால் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தங்கள் சமையல்காரர் துறவறம் மேற்கொண்டதை அறிந்து வியந்தேன். உயர்ந்த முடிவு. போவதற்கு முன் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பின் பக்குவத்தை யாருக்காவது சொல்லிவிட்டுப் போனாரா? என் மனைவிக்கு அவருடைய கைச்சமையல் மிகவும் விருப்பம். அவள் காலமாகி ஞாயிற்றுக்கிழமையோடு முப்பத்தோராம் நாள். மற்றச் சாப்பாடுகளை மகள் ஒழுங்கு செய்துவிட்டாள். இது படைப்பதற்கு மட்டும். ஒருவருக்குப் போதும்."

வாகீசன் இரண்டு தடவை வாசித்தான். முதல் தடவை சிரிப்பு வரப் பார்த்தது. இரண்டாவது தடவை பாதியில் நின்றுவிட்டது. குசினிக்குள் அந்தத் துறவி, உருளைக்கிழங்கு சப்ளை செய்த யாரோ ஒருவனின் பரம்பரையை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஏசிக்கொண்டிருந்தார். வாகீசன் காலால் குசினிக் கதவைத் தள்ளிச் சாத்தினான். யாருக்குக் கேட்டுவிடும் என்று சாத்தினான் என்பது அவனுக்கே விளங்கவில்லை.

பெரியவர் போனை எடுத்து மனைவியின் படத்தைத் தேடினார். படத்துக்கு முன் நேற்றைய உரையாடல் திரையில் வந்து நின்றது. இமயமலை இருந்தது. அகப்பை இருந்தது. இரண்டுக்கும் இடையில், அடைப்புக்குறிக்குள், "பின்னணியில் சிரிப்பு" என்றும் ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தது. நாற்பத்துநான்கு பதினேழு ஒன்றையும் விடவில்லை. பெரியவர் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, கொப்பியில் எழுதினார்: "எல்லாரும் மகிழ்ச்சியாக வழியனுப்பியிருக்கிறீர்கள்."

பிறகு படம் வந்தது. வெள்ளிக்கிழமை அன்ரி.

ஆறு வருடங்களாக ஒவ்வொரு வெள்ளியும் மூன்று மணிக்கு வருகிறவர். ஒரு பெட்டி கத்தரிக்காய்க் குழம்பு, ஒரு பை இடியப்பம். வாகீசன் அவரைப் பகிடி சொல்லாமல் விட்டதில்லை. "அன்ரி, இண்டைக்குக் கத்தரிக்காய்க்குக் காய்ச்சல், லீவு போட்டிட்டுது" என்பான். "தம்பி, உம்மட வாய்க்கு ஒருநாளைக்கு இந்தக் கவுண்மென்ட் தனியா வரி போடும், இருந்து பாரும்" என்பார். சிரித்து முடித்துவிட்டுப் போய்க் காரில் ஏறுவார். கடைக் கண்ணாடிக்கு நேரே உள்ள இடத்தில்தான் எப்போதும் விடுவார். ஏறியதும் புறப்படமாட்டார். ஸ்டியரிங்குக்கு மேலே இரண்டு கைகளும் பறந்துகொண்டிருக்கும். பக்கத்து இருக்கையில் ஒரு தொப்பி. பார், அந்த மனுசனைப் போட்டு வறுக்கிறா என்று வாகீசன் துர்க்காவுக்குக் காட்டியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் அந்தத் தொப்பி குலுங்கும். அழுகிறார்போல என்று துர்க்கா சொல்லியிருக்கிறாள். இப்போது நான்கு வெள்ளியாக அன்ரி வரவில்லை. சந்திக்கு அங்காலே புதிதாகத் திறந்த கடைக்கு மாறிவிட்டார் என்று வாகீசன் உள்ளுக்குள் கோபித்துக்கொண்டிருந்தான்.

அவன் பேனையை வாங்கினான். பத்து வயதில் கனடாவுக்கு வந்தவன். அதற்குப் பிறகு தமிழில் எழுதியது கடைப் பலகையில் விலைகள் மட்டும். "சமையல்காரர் இஞ்சதான் இருக்கிறார். போகேல்லை" என்று எழுதினான். பேசுவதை அப்படியே எழுதத்தான் அவனுக்குத் தெரியும்.

பெரியவரின் முகம் விரிந்தது. வாசித்ததைத் திரும்ப வாசித்தார். பிறகு புருவம் சுருங்கியது. "அப்படியானால் தொலைபேசியில் அவ்வாறு சொன்னது யார்?"

அதற்குப் பதில் இரண்டே எழுத்து. வாகீசனுக்கு அந்த இரண்டையும் பிழையில்லாமல் எழுதத் தெரியும். பின்னால் வரிசையில் ஒருவர் இருமினார். அவன் எழுதினான்: "புதுசா வந்த ஒராள். பிழையா சொல்லிப்போட்டார். நிப்பாட்டியாச்சு."

எழுதி முடித்தபோது பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அது பெரியவர் வாசிக்கும்வரைதான். அவர் தலையை வேகமாக ஆட்டினார். அவசரமாக எழுதினார். இந்தத் தடவை எழுத்து அச்சுப் போல இல்லை. "வேலையை விட்டா? ஊரிலிருந்து புதிதாக வந்தவரா? பிள்ளைகள் இருக்குமே. அந்த அழைப்பு முறை பழக்கமில்லாதவருக்குக் குழப்பம்தான். பலர் வைத்துவிடுவார்கள். அவர் வைக்காமல் பேசினார். தயவுசெய்து திருப்பி எடுங்கள்."

வாகீசன் 'சரி' என்று தலையாட்டினான். பெரியவர் அதற்குப் பிறகும் போகவில்லை. யோசித்து, கடைசியாக ஒரு வரி எழுதினார். "இங்கே பகிடி விடும் தம்பி ஒருவர் இருக்கிறார் என்று சொல்லுவாள். ஒவ்வொரு வெள்ளியும் காரில் ஏறியதும் எனக்கு அந்தப் பகிடியைக் கையால் சொல்லிக் காட்டுவாள். அவர் நீங்களா?"

இதற்கு மட்டும் அவன், ஓம் நான்தான் என்று, உண்மையாகவே தலையாட்டினான். பெரியவர் கல்லாவுக்கு மேலால் எட்டி, மாவு படிந்த அவன் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். வெளியே பனி பெய்துகொண்டிருந்ததால் அந்தக் கைகள் குளிர்ந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீஸ்கந்தராசா வழமையான பெரிய சட்டியை ஒதுக்கிவிட்டு ஒரு சின்னச் சட்டியை எடுத்தார். வாகீசன் அவரிடம் முழுக்கதையையும் சொல்லியிருந்தான். பொய் சொன்னதையும் சேர்த்து. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கத்தரிக்காயைக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டார், பொரித்தார், பால் விட்டார், அகப்பையால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கப் போனவர், படையலுக்கு என்பது ஞாபகம் வந்து கையைக் கழுவினார். "ஒராளுக்கு எண்டு நான் ஒருநாளும் சமைச்சதில்லையடா. அளவு பிடிபடேல்லை" என்றார்.

பெரியவர் எழுதிக் கொடுத்த தெருப்பெயரோடு வாகீசன் தானே ஸ்ரௌவ்வில்லுக்குக் கொண்டுபோனான். வழி முழுக்கச் சொல்ல வேண்டிய வசனத்தைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டு ஓட்டினான். ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் புதுத் தெரு. எந்த வீடென்று வாசலில் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்துக் கண்டுபிடித்தான். மகள் நிலாணி கதவைத் திறந்தாள். உள்ளே ஐயரின் குரல் கேட்டது. வரவேற்பறையின் நடுவில் வேட்டியோடு இருந்த பெரியவர் ஐயரின் வாயைப் பார்க்காமல் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், எப்போது பூப்போட வேண்டும் என்பதற்காக.

"உள்ள வாங்கோ அண்ணா. அப்பா கொப்பியில அந்தக் கடையைப் பற்றியேதான் எழுதிக்கொண்டிருந்தவர். ஆரோ புது ஆளாம், அவருக்கு வேலை போயிட்டுதாம். Mom's gone, and he's stressing about some random guy" என்றாள் நிலாணி. சிரிப்பதற்கும் அழுவதற்கும் நடுவில் அவள் முகம் நின்றது.

"இல்லை, வேலை கிடக்கு" என்று சொல்லிப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வாகீசன் காருக்கு வந்தான். எழுத்துக்கூட்டிய வசனம் அவனோடேயே திரும்பி வந்தது.

செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது. ஒரு மூச்சு அமைதி. இலக்கம் வேறு, குரல் அதேதான்; எல்லாருக்கும் அந்தக் குரலைக் கொடுத்துத்தான் வேலைக்கு எடுப்பார்கள் போல. கல்லாவில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பொன்னம்பலம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர்? ரிலேயோ? வையடா!"

வாகீசன் வைக்கவில்லை. கையைக் காட்டி அவரைப் பொறுக்கச் சொன்னான்.

"குழம்பு அவளுக்குப் பிடித்த மாதிரியே இருந்தது" என்று பெண் வாசித்தாள். "படைத்த பிறகு நானும் சாப்பிட்டேன். சமையல்காரருக்கு நன்றி சொல்லுங்கள். புதிதாக வந்தவருக்கு வேலை இருக்கிறது என்று நீங்கள் சொன்னதாக மகள் சொன்னாள், திருப்பி எடுத்துவிட்டீர்கள். மகிழ்ச்சி. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். தயவுசெய்து போனை அவரிடம் கொடுங்கள். கோ அஹெட்."

"டேய் வாகீசு, உனக்குச் சொன்னது கேக்கேல்லையே? அந்தத் தாள் என்ன வடிவுக்கே ஒட்டிக் கிடக்கு?" என்றார் பொன்னம்பலம். குசினியில் ஸ்ரீஸ்கந்தராசா கத்தரிக்காயை எண்ணெயில் போட்டார், சடசடவென்று சத்தம் எழுந்தது. துர்க்கா வாகீசனையே பார்த்தாள். கண்ணாடிக்கு நேரே உள்ள வாகன இடம் வெறுமையாக இருந்தது. அதில் விழுந்த பனியில் இன்னும் ஒரு டயரும் படவில்லை.

வாகீசன் போனை ஒரு காதிலிருந்து மற்றக் காதுக்கு மாற்றினான். புதிதாக வந்தவனிடம் கொடுப்பதற்கு அவ்வளவு நேரம் போதும். வாயைத் திறந்தான். அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் மறுபக்கத்தில், அவன் மூச்சையும் எண்ணெயின் சடசடப்பையும் அடைப்புக்குறிக்குள் போட, மழைத்தூறல் போல விசைகள் தட்டுப்படத் தொடங்கின.