மண்டபத்தில் கல்யாணம் இல்லை

வாசலில் வாழைமரம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி செல்வலட்சுமிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். வாட்ச்மேன் மாரி ஸ்டூலின் மேல் ஏறி நின்று, குலை தள்ளிய மரமாகப் பார்த்துக் கேட் தூணோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது கல்யாணம் இல்லண்ணே. வேற பங்ஷன்."

"இன்னா பங்ஷன்?"

"அனிமே."

"இன்னாவோ இர்ந்துட்டுப் போட்டும். மண்டபத்தத் தொறந்தா மரம் கட்டணும். கட்டலன்னா ஓனரு என்னியத்தான் கேப்பாரு. நீ போய் உன் வேலையப் பாரும்மா."

வேலை அவளுக்கும் தலைக்கு மேல் கிடந்தது. 'மணமகள் அறை'யில் ரூம்மேட் கவியா, நைலான் கயிற்றைப் பிரித்துச் செய்த நீல முடியை மாட்டிக்கொண்டு ஊக்கு கேட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். 'மணமகன் அறை'யில் காலேஜ் பையன்கள் அட்டைக் கத்திகளுக்கு வெள்ளித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பந்தி ஹாலில் இலை போடுகிற மேஜைகளில் படம் வரையும் போட்டி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜப்பான் கார்ட்டூன் பைத்தியங்களின் மாநாடு. தண்டலத்தில் அதற்குக் கிடைத்த இடம் இந்தக் கல்யாண மண்டபம்தான்.

மாநாட்டின் மூளை ஸ்ரீதர். பக்கத்து இன்ஜினியரிங் காலேஜில் மூன்றாம் வருஷம். ஸ்ரீபெரும்புதூர் பிரவுசிங் சென்டர் சுவரில் அவன் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்துத் தன்னைப்போல நாலு பையன்கள் வருவார்கள் என்று நினைத்திருந்தான். வந்து நின்றவர்களில் பாதிப்பேர் செல்போன் கம்பெனி யூனிபாரத்தில் இருந்த பெண்கள். சாயங்காலம் பர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்கு வந்தால், டிவியில் ஜப்பான் கார்ட்டூன் தமிழ் பேசிக்கொண்டிருக்கும். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு பெண்கள் எல்லாரும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். சின்னப்பிள்ளைகள் பார்ப்பதாயிற்றே என்றால், அங்கே கேட்க யார் இருக்கிறார்கள்!

அப்படிப் பார்க்கும்போது டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லாக் குரலிலும் தானே பேசுவது செல்வலட்சுமியின் வழக்கம். அதைக் கவியா போய் ஸ்ரீதரிடம் சொல்லிவிட்டாள். அவனிடம் ஒரு படம் இருந்தது, அடியில் இங்கிலீஷ் எழுத்து ஓடுகிற படம். எழுத்துக் கூட்டுவதற்குள் அடுத்த வரி வந்துவிடும். ஆகவே ஸ்ரீதர் வசனத்தைத் தமிழில் எழுத, திரைக்குப் பக்கத்தில் மறைப்புக்குப் பின்னால் நின்று செல்வலட்சுமி மைக்கில் பேசுவது என்று ஏற்பாடு. செல்போனுக்கு மூடி மாட்டும் லைனில் அவள் லீவு போட்டால் அந்த இடத்தில் இன்னொருத்தி நின்றுவிடுவாள். இங்கே அவள் இல்லாவிட்டால் படமே ஊமை. அந்த நினைப்பே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் அவளுடைய அப்பா வந்து சேர்ந்தார். பேர் வனமாமலை. தெற்கே களக்காட்டுப் பக்கத்து ஆள், வாழைத் தோட்டமே பிழைப்பு. சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்தவரை ஹாஸ்டல் வார்டன், "செல்வி மண்டபத்துக்குப் போயிருக்கா, ஒரு வாரமா அதே நெனப்பாத்தான் சுத்தறா" என்று வழி சொல்லி அனுப்பிவிட்டார். வந்தவர் கேட்டில் நின்று வாழைமரத்தைப் பார்த்தார். குலை பெரிதாக, பூவோடு தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மரத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். 'மணமகள் அறை' என்று போட்ட கதவு திறந்தது. வாயில் ஊக்கைக் கவ்விக்கொண்டு, கையெல்லாம் பவுடராக, அவர் பெற்ற மகள் வெளியே வந்தாள்.

"ஏளா செல்வி... பையன் யாரு?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் குரல் உடைந்துபோயிருந்தது.

ஊக்கைத் துப்பிவிட்டு ஓடி வந்தாள். "யப்பா! கல்யாணம் இல்லப்பா. யாருக்கும் இல்ல."

"வாசல்ல மரம் நிக்கி."

"அது வாட்ச்மேன் அண்ணன் கட்டுனது. வேண்டாம்னா கேக்க மாட்டேங்காரு."

அவர் நம்பவில்லை. அதற்குள் அவள் பின்னால் நீல முடியோடு கவியா எட்டிப் பார்த்து, "வாங்கப்பா, நல்லாருக்கியளா?" என்றாள்.

"இது யாரு?"

"கவியாப்பா. பொங்கலுக்கு நம்ம வீட்டுக்கு வந்தாள்லா."

வனமாமலை அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஏம்மா, தலைக்கு என்ன ஆச்சு?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். அதன்பிறகுதான் மகளை நம்பினார். பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டார்.

துண்டை எடுத்ததும் வந்த விஷயத்தைச் சொன்னார். வள்ளியூரில் ஓர் இடம் அமைந்திருக்கிறது. புதன்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். வேலையை விட்டுவிட வேண்டும். "காலைல வண்டி. பெட்டியக் கெட்டிரு."

"இன்னும் ஒரு வருசம் இருந்துட்டு வாரேம்ப்பா."

"எல்லாவளும் அப்படித்தான் சொல்லிட்டுப் போறாளுவ. நம்ம தெருவுல திருப்பூருக்குப் போனவ வந்தாளா? கீழத்தெருப் பிள்ள பெங்களூருக்குப் போனா, அவளாவது வந்தாளா? ஒங்கம்மா ஒவ்வொரு பஸ்ஸாப் பாத்துக்கிட்டு நிக்கா. நீயும் வராமப் போயிட்டேன்னா நாங்க என்ன செய்ய?"

சாயங்காலம் படத்தில் தான் பேச வேண்டும், அதை இருந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் படத்தின் முதல் பாதி, மீதி ஞாயிற்றுக்கிழமை. ஹால் நிரம்பி, பின்னால் சுவரோரமும் நின்றார்கள். வனமாமலை முன்வரிசைகளில் ஒன்றில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் மழை பெய்யாத மலைக்கிராமம் ஒன்று. மேகங்களை இழுத்துக்கொண்டு ஆகாயத்தில் போகிற ஒரு கப்பல். அந்தக் கப்பலில் வேலைக்குச் சேர ஊரிலிருந்து ஒரு பெண் கிளம்புகிறாள். நடைவாசலில் அப்பாவிடம் விடைபெறுகிறாள். ஸ்ரீதர் எழுதித் தந்த வசனம், 'அப்பா, நான் போறேன்.' ஒத்திகையில் அதை அவள் ஒழுங்காகத்தான் சொல்லியிருந்தாள். இப்போது மறைப்பின் இடுக்கு வழியே அப்பாவின் தலை தெரிந்தது. வாசலில் நின்று பெற்றவரைப் பார்த்துப் 'போறேன்' என்று எந்தப் பிள்ளை சொல்லும்? நாக்கு எழவில்லை.

"அப்பா, போயிட்டு வாரேன்."

சொன்னதுதான் தாமதம். இருட்டுக்குள்ளிருந்து, "போயிட்டு வா!" என்று ஹாலே பதில் சொன்னது. சங்கரன்கோவிலிலும் முதுகுளத்தூரிலும் அதே சொல்லைச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வந்த பிள்ளைகள்தானே எல்லாரும். கத்திவிட்டுத் தாங்களே சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபிறகு ஒரு கனத்த குரல் மட்டும் தனியாக, நிதானமாகக் கேட்டது. "நல்லபடியாப் போயிட்டு வா, தாயி."

அது யார் குரல் என்று அவளுக்குத் தெரியாதா? அடுத்த வசனத்தை விட்டுவிட்டாள். திரையில் அந்தப் பெண்ணின் அப்பா சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

படம் நின்றதும் ஸ்ரீதர் ஓடி வந்தான். "செல்விக்கா, கதையே காலிக்கா! அந்தக் கப்பல்ல ஏறுனா திரும்ப எறங்கவே முடியாது. நீ பாட்டுக்கு வர்றேன்னு சொல்லிட்ட. நாளைக்கு அத்தினி பேரும் அவ வருவான்னு பாத்துகினு இருப்பாங்க."

"வாயில வரல தம்பி" என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மைக் ஒயரைச் சுருட்டப் போய்விட்டான்.

வனமாமலை பையைத் தோளில் மாட்டியிருந்தார். கிளம்பலாம் என்பார் என்று பயந்துகொண்டே போனாள். "காலை வண்டி வேண்டாம்ளா. அந்தப் பிள்ள வாராளான்னு பாத்துட்டு, நாளைக்குச் சாயந்தரமாக் கெளம்புவோம்" என்றார். அன்றைக்கு அவர் மணமகன் அறையில், அட்டைக் கத்திகளுக்கு நடுவே படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க செல்வலட்சுமிக்குக் கடைசிக் காட்சியில் அப்பாவுக்கு என்ன சொல்வது என்ற ஒரே யோசனைதான். வேஷ அணிவகுப்பில் கவியாவுக்குப் பரிசு கிடைத்தபோதுகூட அரைமனதாகத்தான் கைதட்டினாள். படத்தின் கடைசிக் காட்சியில் வசனமே கிடையாது. "வேணும்னா நீயா ஒரு வரி போட்டுக்கக்கா. யாருக்குத் தெரியப்போவுது" என்று ஸ்ரீதரே இறங்கி வந்து சொன்னான். கதையை அவ்வளவு நேசிக்கிற பையன் அப்படிச் சொன்னதில் அவளுக்குக் கண் கலங்கியது. 'எறங்கி வாரேம்ப்பா' என்று ஒரு வரி. சொன்னால் அப்பா நம்புவார், போன பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று மனம் ஆறித் தனியாக ஊருக்குப் போனாலும் போவார். அவரிடம் அவள் பொய் சொல்லாதவள் இல்லை. சாப்பிட்டுவிட்டேன், காய்ச்சலெல்லாம் இல்லை, ஓ.டி. பார்ப்பதே இல்லை என்று போனில் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். ஆனால் அவரை இருட்டில் உட்காரவைத்து, அந்தப் பிள்ளைக்காக அவர் காத்திருக்கும்போது ஏமாற்றுவதற்கு அவளுக்கு மனசு வரவில்லை.

கடைசிக் காட்சி வருவதற்குமுன் மைக்கை அணைத்து ஸ்ரீதர் கையில் கொடுத்தாள். இருட்டில் நாற்காலிகளைத் தடவிக்கொண்டு போய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திரையில் கப்பல் அந்தக் கிராமத்துக்கு மேலே வந்தது. மேகம் உடைந்து மழை கொட்டியது. பெண் கப்பலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் அவளுடைய அப்பா நனைந்துகொண்டு அண்ணாந்து நின்றார். கப்பல் நிற்கவில்லை. மெல்ல மெல்ல மலையைத் தாண்டிப் போயிற்று.

"எறங்கலியே" என்றார் வனமாமலை.

"எறங்க முடியாதுப்பா. அவ போறேன்னுதான் சொல்லிட்டுப் போனா. நேத்து நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அங்கே மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

"நீ எறங்குவேல்லா?"

"எறங்குவேம்ப்பா."

லைட்டைப் போட்டார்கள். கூட்டம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனது. அடுத்த பார்ட்டிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும் என்று ஸ்ரீதர் பறந்துகொண்டிருந்தான். செல்வலட்சுமி மேடையேறித் திரையை அவிழ்த்தாள். ஹாஸ்டல் பெண்கள் வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த திரை அது, ஒருத்தியால் மடிக்க முடியாது. யாரைக் கூப்பிடலாம் என்று திரும்பினால், பையைக் கீழே வைத்துவிட்டு அப்பா மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு என்ன ஷிப்ட்டு ஒனக்கு?"

"பர்ஸ்ட் ஷிப்ட்ப்பா."

"அப்பச் சட்டுன்னு மடி."

துணியை உதறிப் பிடித்தார்கள். அவள் தன் முனைகளோடு நடந்து வந்து அவர் கையில் சேர்த்தாள், குனிந்து மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள், மறுபடி நடந்து வந்தாள். ஒவ்வொரு தடவையும் துணி பாதியானது, நடக்க வேண்டிய தூரமும் பாதியானது. கடைசி மடிப்பில் அவள் முனையைக் கொடுத்தபோது, அவர் துணியோடு சேர்த்து அவள் விரல்களையும் பிடித்துக்கொண்டார். கீழே பையன்கள் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.