செடிக் கொட்டகையில் இறங்கிய சாமி

ரப்பர் விலை உச்சத்தில் இருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டில், ஈப்போ ரயில் நிலையத்தை ஒட்டிய செடி சோதனைக் கொட்டகையில், மேஜைமேல் இருந்த ஒரு சிறு கலயத்தை யாராலும் தூக்க முடியவில்லை. கலயத்துக்குள் இருந்தது ஒரு பிடி மண்ணும் இரண்டு இலை விட்ட ஓர் இலுப்பங்கன்றும்தான். முதலில் பியூன் தூக்கிப் பார்த்தான். பிறகு மூட்டை சுமக்கும் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து முக்கினார்கள். கடைசியில் ஈயச் சுரங்கத்திலிருந்து சங்கிலிக் கப்பியை வரவழைத்து மாட்டி இழுத்ததில் கொட்டகையின் உத்தரம் வளைந்ததே தவிர, கலயம் மயிரிழைகூட எழும்பவில்லை. அவ்வளவு கனத்தைத் தாங்கும் மேஜையின் கால்கள் மட்டும் எப்படி முறியாமல் நின்றன என்று கேட்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மழை வரும்போல் இருந்ததால் கப்பிக்காரர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதனால் நெஞ்சு வெந்தவள் கருப்பம்மாள். சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு தோட்டத்தில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டுகிறவள். அவளுக்குப் பிறந்த முதல் இரண்டு பிள்ளைகளும் முதல்முடி இறக்குவதற்கு முன்பே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தன. மூன்றாவதாகப் பாப்பா பிறந்தபோது, இவள் பிழைத்தால் முதல்முடியை இலுப்பையடியானுக்குத் தருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். இலுப்பையடியான் அவள் கணவன் பிச்சைமுத்துவின் குலசாமி. சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாய்க்கரை இலுப்பை மரத்தடியில், சிலைகூட இல்லாமல், மண்ணாகவே இருக்கிற சாமி. நேர்ந்துகொண்டது இந்தக் கரையில், சாமி இருப்பது அந்தக் கரையில். தோட்டக் கூலிக்கு வந்த குடும்பம் முடி இறக்குவதற்காகக் கப்பலேறிப் போய்வர முடியுமா என்ன? பாப்பாவின் முடி தோளைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி வளர்ந்தது. ஒவ்வொரு முறை குழந்தை தும்மும்போதும் கருப்பம்மாள் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆகவே ஊருக்குப் போயிருந்த தன் அண்ணன் மாயாண்டியிடம் பிடிமண் எடுத்து வரும்படி சொல்லியனுப்பினாள். சாமியின் இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் புது இடத்தில் வைத்தால் சாமி அங்கே குடியேறிவிடும். ஒரே ஒரு நிபந்தனை, வழியில் எங்கேயும் இறக்கி வைக்கக் கூடாது. இறக்கிய இடம்தான் சாமியின் இடம், அதன்பிறகு எந்தக் கொம்பனாலும் அதை அசைக்க முடியாது. மாயாண்டி கலயத்தை மஞ்சள் துணியில் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறினான். கடல் முழுக்க மல்லாந்தே படுத்தான். வாந்தி வந்தபோதும் ஒரு கை கலயத்தின்மேல்தான் இருந்தது. பினாங்கில் எல்லோரையும் மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டியபோது கலயத்தைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கே கணக்கெழுதிய கிராணி, பேராக்குக்குப் போகிற செடியெல்லாம் ஈப்போவில் சோதிக்கப்படும் என்று சொல்லி அவனை ரயிலில் ஏற்றிவிட்டான்.

ஈப்போ கொட்டகையில் சோதனை செய்பவர் கஸ்பார். ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர். கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொன்னதில்லை, ஆனால் சட்டத்துக்கு அவரளவுக்குப் பயந்தவர் பேராக்கிலேயே கிடையாது. வெளிநாட்டுச் செடியில் ஒட்டிக்கொண்டு ஏதாவது நோய் வந்து பால்மரங்களைத் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. அந்தப் பால்மரமே வேறொரு தேசத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான், அது வந்தபோது இலையைத் திருப்பிப் பார்க்க ஒரு கஸ்பார் இருக்கவில்லை. அன்று காலையில்தான் ஒரு சீனர் தம் வீட்டுப் புதுவருஷத்துக்காகக் கொண்டுவந்த ஆரஞ்சுச் செடியைக் கூடையோடு பறிகொடுத்துவிட்டு, வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு போயிருந்தார். பெர்மிட் இல்லாத வெளிநாட்டுச் செடி உள்ளே வந்தால் அதையும், அது எதில் ஒட்டியிருக்கிறதோ அதையும் கொட்டகைக்குள்ளேயே நீக்கி அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி.

கஸ்பார் துணியை அவிழ்க்கச் சொன்னார். மாயாண்டி அவிழ்த்தான், கலயத்தை மட்டும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான்.

"மேஜமேல வை."

"வைக்கக் கூடாதுங்கய்யா. கையில வச்சபடியே பாருங்க."

"வைக்காம எப்படிச் சோதிக்கிறது? மண்ணு வேற இருக்கு. மண்ணுக்குப் பெர்மிட்டே கிடையாது."

"இது மண்ணு இல்லைங்கய்யா. சாமி."

இப்படியே மத்தியானம் வரை போனது. ஒருவர் வை என்பார், மற்றவர் மாட்டேன் என்பார். கலயத்தை வாங்கிக்கொள்ளத் தோட்டத்திலிருந்து வந்திருந்த கருப்பம்மாள் வேலிக்கு வெளியே பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றாள். அண்ணன் மசிய மாட்டான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரத் துரை உள்ளே வந்தார். எந்த இலாகாத் துரை என்று கடைசிவரை தெரியவில்லை. ரயிலுக்குக் காத்திருந்தவர், சுருட்டுப் பற்றவைக்கத் தீப்பெட்டி கேட்டு வந்தார்.

தோட்டத்தில் துரையைக் கண்டால் கையில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கையாலும் கும்பிட வேண்டும். பால் வாளியைப் பிடித்தபடி நின்றுவிட்ட ஒருவனுக்கு அன்றைய பேர் வெட்டப்பட்டுக் கூலி போனதை மாயாண்டி கண்ணால் பார்த்திருக்கிறான். பத்து வருஷப் பழக்கம் அவன் கைகளுக்குள் ஊறிக் கிடந்தது. துரையின் தொப்பி வாசலில் தெரிந்ததும் அவன் கலயத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "சலாம் தொரே" என்று கும்பிட்டான். கடலைத் தாண்டியபோது இறக்காததைச் சுருட்டுக்கு நெருப்பு கேட்டவருக்காக இறக்கிவிட்டான். துரை அவன் பக்கம் திரும்பவே இல்லை. தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். மாயாண்டி கும்பிட்ட கையைப் பிரிக்காமல் மேஜையைப் பார்த்தான். வேலிக்கு வெளியே கருப்பம்மாள் போட்ட கூச்சலில் பாப்பாவும் சேர்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முதலில் சொன்னது. தூக்க முடியாததை எரித்துவிடலாம் என்று கஸ்பாரின் மேலதிகாரி உத்தரவு போட்டார். மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்தது, கன்றின் இலை வாடக்கூட இல்லை. தண்ணீர் பாய்ச்சிக் கழுவினார்கள், மண் கரையவில்லை. அந்த மாதக் கடைசிக்குள் கன்று மரமாகிக் கூரையைப் பிளந்துகொண்டு மேலே போனது. வெட்டுவதற்கு வந்த மர ஆலைச் சீனர் ரம்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மரத்தைச் சுற்றி வந்தார், மூன்று ஊதுவத்தி கொளுத்தி வைத்தார், ரம்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். மண் கொட்டகையைவிட்டு வெளியே போகவில்லை, ஆகவே சட்டமும் மீறப்படவில்லை என்று கஸ்பார் தம்மைத் தேற்றிக்கொண்டார். மரத்தின் தூரைச் சுற்றிக் கலயமும் மேஜையும் அப்படியே இருந்ததால், அதன்மேல் வழக்கம்போல் மற்றச் செடிகளைச் சோதித்தார்.

கருப்பம்மாள் அண்ணனை வைத வசவுகளை அச்சில் போட முடியாது. வைது முடித்த பிறகு அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள், அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது. அவன் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. இலுப்பை பூக்க ஆரம்பித்ததும், ஒரு பூகூட வெளியே போய்விடக் கூடாதே என்று கஸ்பார் பூப் பொறுக்க ஆள் தேடினார். மாயாண்டி விளக்குமாற்றை வாங்கிக்கொண்டான். கிளைகள் வேலியைத் தாண்டியிருந்ததால் பூ தெருவிலும் கொட்டியது, ரிக்‌ஷாக்காரர்கள் அதை வாயில் போட்டு மென்றார்கள். அவர்களிடமிருந்து மீட்பது மாயாண்டிக்குப் பெரிய பாடாகிவிட்டது.

கருப்பம்மாள் லீவு கிடைத்த நாளெல்லாம் பாப்பாவோடு ரயிலேறி வந்து வேலியோரம் நின்றாள். சாமி எதிரே தெரிகிறது, பத்து எட்டு வைத்தால் தொட்டுவிடலாம், ஆனால் போக முடியாது. சாமி ஊரில் இருந்தபோதாவது தூரம் என்று மனதைத் தேற்றிக்கொள்ள முடிந்தது.

"ஒரே ஒரு தடவைங்கய்யா. புள்ள முடிய எறக்கிட்டு வந்திர்றேன்."

"சரக்கு இருக்கா?" என்றார் கஸ்பார்.

"சரக்கு என்னங்கய்யா சரக்கு, புள்ளதான் இருக்கு."

"அப்ப தாக் போலே, முடியாது. செடி கொண்டு வர்றவங்கதான் உள்ள வரலாம். நான் விட்டா என் வேலை போயிரும்மா."

அவர் சொன்னதும் உண்மைதான். அவள் அவரைத் திட்டவில்லை. சட்டத்தின்மேல் இருந்த ஆத்திரத்தையெல்லாம் வேலிக் கம்பியைப் பிடித்து உலுக்கித் தீர்த்துக்கொண்டாள். அப்படி உலுக்கிய ஒருநாள் ஓர் இலுப்பைப் பூ பாப்பாவின் தலையில் விழுந்தது. அதை மாயாண்டி பார்க்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

அந்த வாரமே பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் வந்த அதே காய்ச்சல், அதே கண் செருகல். தோட்டத்து டிரெஸ்ஸர் கொடுத்த கசப்பு மருந்து தொண்டையில் நிற்கவில்லை. காலையில் சிக்கெடுக்கலாம் என்று குழந்தையின் தலையைக் கோதிய கருப்பம்மாளின் விரலில் ஏதோ ஈரமாகத் தட்டுப்பட்டது. விலக்கிப் பார்த்தாள். உச்சி முடிக்குள், இரண்டு இலையோடு, ஓர் இலுப்பங்கன்று நின்றது. வேர் தோலைத் தொடவில்லை. முடியையே மண்ணாக நினைத்து அதற்குள் ஓடியிருந்தது.

பக்கத்து வீட்டு ராக்காயி வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

"பிடுங்கி எறிஞ்சிரு புள்ள. அதான் காச்சலுக்குக் காரணம்."

கருப்பம்மாள் பிடுங்கத்தான் கையைக் கொண்டுபோனாள். கை பாதியில் நின்றது. அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று சிரித்ததைக் கண்டு, பிள்ளை ஏக்கத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ராக்காயி பிச்சைமுத்துவைக் கூப்பிட ஓடினாள். அவன் ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்திலிருந்து வந்து சேர்வதற்குள் கருப்பம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலடிக்குப் போய்விட்டாள்.

கொட்டகை வாசலில் கஸ்பார் வழக்கம்போல் கையை நீட்டித் தடுத்தார்.

"சரக்கு இருக்குங்கய்யா" என்றாள் கருப்பம்மாள்.

குழந்தையின் தலைத்துணியை விலக்கிக் காட்டினாள். கஸ்பார் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து வெகுநேரம் பார்த்தார். இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார், பழக்க தோஷம்.

"இது வெளிநாட்டுச் செடியாச்சே."

"ஆமாங்கய்யா."

"எங்கேருந்து வந்துச்சு?"

"ஒங்க கொட்டகையிலேருந்துதாங்கய்யா."

கஸ்பார் விதியை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். செடி வந்துவிட்டது, சோதித்தாகிவிட்டது. அதையும் அது ஒட்டியிருப்பதையும் உள்ளேயே நீக்கி உள்ளேயே விட வேண்டும். செடி குழந்தையில் ஒட்டியிருக்கிறதா, முடியில் ஒட்டியிருக்கிறதா என்று மறுபடியும் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். முடியில் மட்டும்தான் என்று உறுதியானதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "உள்ள வாம்மா" என்றார். பியூனை அனுப்பி, ரயிலடியில் கடை போட்டிருந்த நாவிதரை அழைத்துவரச் செய்தார். ஒரு முடிகூட மிச்சம் வைக்காமல் வழிக்க வேண்டும், அரசாங்கக் காரியம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு, "புள்ள ஆடாமப் புடிச்சுக்க யாராவது வேணும்" என்றார். தாய்மாமன் விளக்குமாற்றோடு மூலையில் நின்றுகொண்டிருந்தான். மரத்தடிக்குத் தான் போகலாமா என்பதுபோல் தங்கையைப் பார்த்தான். கலயம் இறங்கிய நாளிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை பேசாதவள், அவன் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"மடிய நல்லா விரிச்சு உக்காருண்ணே. புள்ளைக்கு முதுகு நோகும்."

மாயாண்டி கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பாப்பா அவன் மடியில் துவண்டு கிடந்தாள். அவனுக்குக் கண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையாலும் குழந்தையைப் பிடித்திருந்தான். முடி கற்றை கற்றையாகக் கலயத்தின்மேல் விழுந்தது. கடைசியாகக் கன்று இருந்த உச்சிமுடி விழுந்ததும் மண் எல்லாவற்றையும் வாங்கி மூடிக்கொண்டது. கஸ்பார் மொட்டைத் தலையைத் தம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது, சூடும் இல்லை. கருப்பம்மாள் மடியிலிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைத்தபோது, அதுவும் ஒரு மரத்திலிருந்து வருவதுதானே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், வாசல் பக்கம் போய் ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில் பாப்பா பசிக்கிறது என்று கேட்டாள். கருப்பம்மாள் ரயில் பெட்டியில் ஊரே பார்க்க ஓவென்று அழுதாள்.

அதற்குப் பிறகு சிம்பாங் பூலாயிலிருந்தும் இன்னும் உள்ளே இருந்த தோட்டங்களிலிருந்தும் தலையில் துளிரோடு குழந்தைகள் வரத் தொடங்கின. துளிர் எப்படி வந்தது என்று விதியில் கேள்வி இல்லாததால் கஸ்பாரும் கேட்கவில்லை. நாவிதருக்கு நிரந்தரமாக ஒரு நாற்காலி போட்டார். அப்படியே நாலு வருஷம் போனது. ஒருநாள் காலையில் கஸ்பாரின் மனைவி எல்ஸி மகள் ரோசரிக்குத் தலை வாரும்போது சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள். கஸ்பார் வந்து பார்த்தார். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மகளைத் தூக்கிப்போய், கொட்டகை வாசலில் தோட்டத்து ஜனங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். ரோசரியின் தாய்மாமன் தொலைவில் ஆயர் தாவாரில் இருந்ததால், மாயாண்டி கை கால் கழுவிக்கொண்டு வந்து மடியை விரித்து உட்கார்ந்தான்.