ஒன்பதாம் மலைப் புல்

என் தம்பி ஜெகதீஸ்வரன் எஸ்டேட்டை விட்டு ஈப்போ டவுனுக்குக் குடிபோவதென்று முடிவு செய்தான். கூடவே நானும் போக வேண்டுமாம். அவன் மனைவி தனுஜாவுக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "அக்கா சும்மாதானே இருக்கு" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. முட்டி தேயும் வரை தேயிலைக் கொழுந்து பறித்தவள், அம்மா கண்ணை மூடிய பிறகு இவனை வளர்த்து ஆளாக்கியவள், சும்மா இருக்கிறேனாம்.

எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீடு அவன் பேரில் இருந்தது. அவன் எஸ்டேட் வேலையை விட்டால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் எனக்குப் போக ஓர் இடம் இருந்தது. பக்கத்து ஊரான தானா ராத்தாவில் சாப்பாட்டுக்கடை நடத்தும் கத்தரீன், வீட்டு வாசலில் நான் தொட்டியில் போட்டிருந்த சலாட்டுக் கீரையைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டாள்.

"இத மாதிரி நெறைய போடுங்கக்கா. மொத அறுப்பு நல்லா வரட்டும், கடைக்குப் பின்னால ரூம் இருக்கு, வந்து இருந்துக்குங்க. தொட்டிய அங்கயே வச்சிக்கலாம்லா. வருசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க, வேற ஆளும் கேக்குறாங்க."

எனக்கென்று ஒரு கதவு, ஒரு பூட்டு, ஒரு சாவி. நாற்பத்தொன்பது வயதில் அதற்குக்கூட இன்னொருத்தி மனசு வைக்க வேண்டியிருந்தது.

வீட்டில் இருந்த மண் இரண்டு தொட்டிக்குத்தான் காணும். நல்ல எரு வேண்டும் என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், லயமே வாத்தியாராகிவிட்டது. திரிங்காப் காய்கறித் தோட்டக்காரர்கள் போடும் கோழிச் சாணியை ஒருத்தர் சொன்னார். அது சரியாக மட்காவிட்டால் வேரைப் பொசுக்கிவிடும். ஈ வேறு மொய்க்கும். பச்சையாகத் தின்னும் இலையில் அந்த வாடை அடித்தால் கத்தரீனின் கடைக்கு எவன் வருவான்? பக்கத்து வீட்டு வேலம்மா, தேயிலைக்காட்டு மண்ணையே அள்ளிப் போடச் சொன்னாள். தேயிலை கேட்பது புளிப்பு மண், சலாட்டுக்கு அது ஆகாது. கடையில் விற்கும் மூட்டையில் பாதிக்கு மேல் தேங்காய் நார்; ஊற்றுகிற தண்ணீர் ஊற்றுகிற வேகத்திலேயே ஓடிவிடும். புல்லை அறுத்து, சமையல்கட்டுக் கழிவோடு குவித்து, கிளறிக் கிளறி மட்கவைப்பதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

"ஒனக்கு ஏன்க்கா செரமம்? நான் அறுத்துட்டு வரேன்" என்றான் தம்பி. அவன் மருந்தடிக்கும் கும்பலை மேய்க்கும் மண்டோர். எந்தத் தேயிலை மலையில் எது முளைத்திருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். ஒன்பதாம் மலையிலிருந்து சாக்குச் சாக்காகப் பச்சைப் புல்லைச் சுமந்து வந்து கொட்டினான். நான் தனியாகப் போகிறேன் என்று தெரிந்தும் தோள் கொடுக்கிறானே என்று, தனுஜாவைத் திட்டிய வாயாலேயே அவனை வாழ்த்தினேன். எனக்கு வேண்டியதுதான்.

குவியல் மட்கி, கறுத்து, கையில் உதிர்ந்தது. நாற்றை நட்டேன். முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் துளிர் முறுக்கிக்கொண்டது. தண்டு ஒரு பக்கம் கோணியது. இலை விரியவே இல்லை. தண்ணீரைக் குறைத்தேன், நிழலுக்கு நகர்த்தினேன், பூச்சியைத் தேடினேன். எல்லாத் தொட்டியும் ஒரே மாதிரி நாசமாகப் போயின. கத்தரீன் வந்து பார்த்தாள். என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். அந்த வாரமே ரூமை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாள்.

தொட்டிகளைக் கவிழ்த்தபோது ஒன்றில் சிவப்புப் பிளாஸ்டிக் பட்டை கிடந்தது. முடிச்சு அவிழவில்லை, அரிவாள் பட்டு அறுந்திருந்தது.

எஸ்டேட்டில் பிறந்த குழந்தைக்கும் அது என்னவென்று தெரியும். களைக்கு மருந்தடித்ததும் அந்த மலையின் ஓரச் செடியில் சிவப்புப் பட்டை கட்டுவார்கள். அது இருக்கும் வரை அங்கே கொழுந்து பறிக்கக் கூடாது, மாட்டுக்குப் புல் அறுக்கக் கூடாது. புல் மட்கினாலும் போகாத மருந்து அது. கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். ஒன்பதாம் மலையில் கட்டுகிறவன் என் தம்பி.

அவன் வேலை முடிந்து வந்ததும் பட்டையை அவன் முன்னால் போட்டேன்.

"தெரியாம அறுத்துட்டியாடா?"

அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே இருந்தான். தெரியாமல்தான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பத் தயாராகத்தான் நின்றேன்.

"அடிச்ச மறுநாளே அறுத்தேன்" என்றான். "புல்லு காயறதுக்குள்ள. காஞ்சா நீ கண்டுபிடிச்சிடுவ."

"ஏன்டா?"

"நீ போய்ட்டா புள்ளைங்கள யாருக்கா பாப்பா? தனுஜா வேலைய விட முடியாது. நேரா கேட்டா நீ வரமாட்ட."

"நீ கேக்கவே இல்லியேடா."

அவனைச் சபிக்க வாய் வந்தது. உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். வருசக் கடைசியில் லோரி வந்தது. போக்கிடம் இல்லாதவள் என்ன செய்வாள், ஏறிக்கொண்டேன்.

ஈப்போ வீட்டில் எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே அறை. முதல் வாரத்திலேயே ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் இறக்கினான்.

"கடையில இருக்கறதுலயே நல்ல மண்ணுக்கா. சலாட்டுக்குன்னே கேட்டு வாங்குனேன். பின்னால நல்லா வெயில் வருது, நீ தொட்டி வச்சிக்கலாம்லா."

நான் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து அந்தச் சிவப்புப் பட்டையை எடுத்து வந்தேன். மூட்டையின் வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

"அக்கா, அத அவுத்துடு" என்றான். குரல் உடைந்திருந்தது. அவனே குனிந்து முடிச்சில் கை வைத்தான்.

"கைய எடுடா. கட்டினவங்கதான் அவுக்கணும்" என்றேன்.