டோமடி

என் அண்ணை அன்டன் பத்தொன்பது வருடமாக என்னோடு கதைக்கவில்லை. கத்தோலிக்க வேதக்காரப் பிள்ளை நான் சைவக்காரரான சிவராசாவைக் கட்டியதுதான் குற்றம். ஊரிலே யாரிடம் கதைத்தாலும் அண்ணைக்கு அவர் 'அந்தப் பெடியன்'தான். பெயர் வாயில் வராது.

ஆனால் என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஜேர்மனியின் கொலோன் நகரிலிருந்து ஒரு படம் வந்துவிடும். அண்ணை காவல் நிற்கும் மியூசியத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய வேதக்கோயில். கீழே 'எங்கட டோம்' என்று இரண்டே சொல். ஒரு வருடம் மட்டும், ஊரே வேஷம் போட்டு ஆடும் கார்னிவல் நாளில், சிவப்புக் கோமாளி மூக்கோடு அதன் முன்னால் நின்றார். சிரிக்கவில்லை. அதைப் பார்த்தும் அழுதேன், விசரி.

போன கிழமைதான் முதல் தடவையாக வசனம் வந்தது. 'ரொறன்ரோவிலை கலியாணம். ஞாயிறு மொன்றியலிலை இறங்குறன். பத்து மணிக்கு டோமடியிலை நிக்கிறன். ரெண்டரைக்கு றெயின்.'

டோம் என்றால், நாங்கள் இருக்கும் இந்த மொன்றியலில் எது? மலையிலே சென் ஜோசப் கோயிலின் பச்சை வட்டக் கூரைதான். இங்கே பிரெஞ்சுக்காரரும் அதைத்தான் டோம் என்பார்கள். பியர்பொன்ட்ஸ் வீட்டிலிருந்து ஒன்பதுக்கே வெளிக்கிட்டோம். சிவராசா காரை விட்டு இறங்கவில்லை. தன்னைக் கண்டால் அண்ணை திரும்பிப் போய்விடுவாராம்.

பதினொன்றரை ஆயிற்று. அண்ணையைக் காணவில்லை. அவருடைய ஜேர்மன் போன் இங்கே வேலை செய்யவில்லை போலும், நான் அனுப்பிய எதுவும் போய்ச் சேரவில்லை. கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டார் என்றே நினைத்தேன். காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தி, வீட்டுக்கு விடுங்கோ என்றேன்.

சிவராசா காரை எடுக்கவில்லை. என் போனை வாங்கி அண்ணையின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"ஜெனாட், இதிலை எங்கை வட்டக் கூரை? ரெண்டு கோபுரமெல்லோ நிக்குது."

என் மரமண்டைக்கு அப்போதுதான் ஏறியது. கொலோன்காரருக்கு டோம் என்றால் கூரையில்லை, ஊரின் பெரிய கோயில். இங்கே இரட்டைக் கோபுரத்தோடு நிற்பது நோத்ர்டாம் கோயில்.

பழைய மொன்றியலில் காரை நிறுத்த இடமேது? என்னை இறக்கிவிட்டு அவர் தெருவைச் சுற்றத் தொடங்கினார். நோத்ர்டாம் வாசலில், தலை முழுக்க நரைத்துப்போய், பெட்டியும் கையுமாக அண்ணை நின்றார். திட்டத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

"எங்கட டோமைக் கட்டி முடிக்க அறுநூறு வருசத்துக்கு மேலை எடுத்தவங்கள், பிள்ளை," என்றார். "நான் பத்தொன்பதிலை வந்திட்டன்."

எனக்குச் சிரிப்பும் வந்து தொலைத்தது. ஆனால் அவர் என் தோளுக்கு மேலால் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"மச்சான் எங்கை? அவர் வரமாட்டார் எண்டுதான் வழி முழுக்கப் பயந்து கொண்டு வந்தனான்."

எங்கள் கார் மூன்றாவது தடவையாகக் கோயிலடியைத் தாண்டியது. நான் நடுத்தெருவில் இறங்கிக் கையை நீட்டி மறித்தேன்.