இருக்கோம்

மாடிப்படித் திருப்பத்திலிருந்து "மூலை ரூம்!" என்று வார்டன் மேடம் குரல் கொடுத்தபோது சோடா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை வேலையை நிறுத்தாமல் கதவுப் பக்கம் தலையை மட்டும் திருப்பி, "இருக்கோம் மேடம்!" என்று கத்தினாள். பிறகு எதிர்க் கட்டிலைப் பார்த்தாள். அதில் ஆள் இல்லை. வெள்ளிக்கிழமையிலிருந்தே இல்லை.

அந்த விடுதியில் ஆள் கணக்கு எடுக்கும் முறையே அலாதி. மேடத்துக்கு முட்டிவலி. மேல்மாடி வராந்தாவின் நீளத்தைப் பார்த்தாலே முகம் சுருங்கிவிடும். ஆகவே விளக்கு போடும் நேரத்தில் படித் திருப்பத்தில் நின்றபடியே ஒவ்வோர் அறையாகக் கூப்பிடுவார். இரண்டு பேரும் இருந்தால் 'இருக்கோம்'. ஒருத்திதான் என்றால் 'இருக்கேன்'. இந்த இரண்டாவது வார்த்தை காதில் விழுந்தால் போதும், "இன்னொருத்தி எங்க?" என்று விசாரணை கிளம்பிவிடும். ஒரு சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மாடியே பிழைத்துக்கொண்டிருந்தது. சினிமாவுக்குப் போனவளுக்காகவும் யாரையோ பார்க்கப் போனவளுக்காகவும் பொய்யாக 'இருக்கோம்' சொல்லாத அறை அங்கே ஒன்றுகூடக் கிடையாது.

எதிர்க் கட்டில்காரிக்கு வாய் ஓயாது என்பதால் ரேடியோ என்று பெயர். சோடாவுக்கு அந்தப் பெயர் தடித்த கண்ணாடியால் வந்தது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர்கள் சான்றிதழில் பத்திரமாக இருந்தன.

"அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம்டி," என்று வெள்ளிக்கிழமை பையின் ஜிப்பை இழுத்தபடி சொல்லியிருந்தாள் ரேடியோ. "அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். பிரிஞ்சு போன அந்த ஆளு பேரை எடுத்தாலே வீடு ரெண்டாயிடும். படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துடறேன். அதுவரைக்கும் இருக்கோம்னு மட்டும் சொல்லு, போதும்."

போதவில்லை. மறுநாளே பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்த்து, "என்னடி, ரேடியோ சத்தத்தையே காணோம், பேட்டரி தீந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டாள். குளிக்கிறாள் என்று அப்போதைக்குச் சமாளித்தாள் சோடா. அதன்பின் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைப் போலப் பேசிப் பார்த்தாள். ரேடியோ ஒவ்வொரு வாக்கியத்தையும் "அதான் பாரேன்" என்று ஆரம்பிப்பாள். பாதியில் தானே சிரிப்பாள். இரண்டு வருடம் கேட்ட காது அல்லவா, சோடாவுக்கு அது சுலபமாகவே வந்தது. ரேடியோவின் துண்டை நனைத்துக் கொடியில் போட்டாள். போர்வையைக் கலைத்துவிட்டாள். ஒரே ஆளாக இரண்டு பேரின் சண்டையைப் போட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து அறைக்காரி சிரிப்பதைக் கேட்டு, தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டாள்.

ஞாயிறு சாயங்காலம் ரேடியோ வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. திங்கட்கிழமையும் அதே கதை. அன்றைக்கு ரேடியோவின் அம்மா சோடாவின் போனில் கூப்பிட்டார். பதறிப்போன சோடாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அதான் பாரேம்மா, என் போன் கெட்டுப் போச்சு."

"அதானே பார்த்தேன். சாப்டியா பாப்பா?"

பெற்ற தாய் ஏமாந்துவிட்டாள். போனை வைத்ததும் சோடாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ரேடியோவின் எண்ணை மறுபடி அழுத்திப் பார்த்தாள்; அது இன்னும் அணைந்துதான் கிடந்தது.

மறுநாள் சாப்பாட்டு வரிசையில் பக்கத்து அறைக்காரி காதோடு காதாகச் சொன்னாள்: "நேத்து குழாயடியில ரேடியோ எல்லாத்தையும் சொன்னாடி. அவங்க அப்பா கதையை. பாவம், என்ன அழுகை!"

நேற்று குழாயடியில் பக்கத்து அறைக்காரியோடு நின்றது சோடாதான். தண்ணீர் வரவில்லை என்று அலுத்துக்கொண்டதாகத்தான் அவளுக்கு ஞாபகம். அப்பா கதையை யாரிடமும் அவள் மூச்சுகூட விட்டதில்லை.

அப்போதுதான் நிஜமான பயம் பிடித்துக்கொண்டது. ரேடியோ எங்கே? பேருந்து ஏதாவது கவிழ்ந்ததா, அப்பா வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்களா, தெரியாத ஊரில் விழுந்து கிடக்கிறாளா? அவள் இங்கே சாப்பிடுகிறாள், குளிக்கிறாள், அழுகிறாள் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தால் அவளை யார் தேடுவார்கள்? இருக்கோம் இருக்கோம் என்று சொல்லிச் சொல்லி, இல்லாதவளைத் தேட நாதியில்லாமல் செய்துவிட்டோமே என்று உறைத்தது. அறைக்கு ஓடி ரேடியோவின் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நான் சோடா பேசறேன். உங்க பொண்ணு இங்க இல்லம்மா. வெள்ளிக்கிழமை போனவ இன்னும் வரல. நேத்து பேசினது நான்தான்."

மறுமுனையில் சின்னச் சிரிப்பு. "பாப்பா, இதென்ன விளையாட்டு? எனக்கு உன் குரல் தெரியாதா?"

"சத்தியமா நான் அவ இல்லம்மா!"

"அடி வாங்குவே. போய்ப் படி," என்று வைத்துவிட்டார். மறுபடியும் கூப்பிட்டதற்கு எடுக்கவே இல்லை.

இனி ஒரே வழிதான் இருந்தது. 'இருக்கேன்' என்று சொன்னால் விசாரணை கிளம்பியே தீரும். தனக்கு எந்தத் தண்டனை வந்தாலும் வரட்டும், விடுதியை விட்டே துரத்தினாலும் துரத்தட்டும், அவளைத் தேட ஆள் கிளம்பினால் சரி. சாயங்காலம் வரை கட்டிலிலேயே உட்கார்ந்து அந்த ஒரு வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சாதாரணமான வார்த்தை நாக்கில் அந்நியமாகப் புரண்டது.

"மூலை ரூம்!"

சோடா வராந்தாவுக்கே வந்து நின்றுகொண்டாள். மூச்சை இழுத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகக் கேட்கும்படி கத்தினாள்: "இருக்கேன் மேடம்!"

மேடத்தின் குரல் படித் திருப்பத்திலிருந்து வந்தது.

"நீ இருக்கே ரேடியோ, சரி. சோடா எங்க?"

கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் விரிந்தன. "மேடம், நான்தான் சோடா" என்றாள். அந்தக் குரல் அவளுக்கே கேட்டது. பாதியில் தானே சிரிக்கும் குரல்.

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பக்கத்து அறைக்காரி ஓடி வந்து, "ஆமா மேடம்! சோடாவை நான் பாத்தே ரெண்டு மூணு நாள் ஆச்சு!" என்றாள். மேடம் முட்டிவலியையும் மறந்து தடதடவென்று வராந்தாவில் நடந்து வந்தார். வாட்ச்மேனுக்கு ஆள் போனது. போலீசுக்குச் சொல்லிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள்.

"அய்யோ, போனது ரேடியோடி! என்னை நல்லாப் பாருங்கடி!" என்று அவள் ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்து உலுக்கினாள். அவர்கள் பார்த்தார்கள். பரிவோடுதான் பார்த்தார்கள். பக்கத்து அறைக்காரி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "அழாத ரேடியோ, எங்க போயிடுவா, வந்துடுவா" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

விடுதியே மைதானத்தில் இறங்கிவிட்டது. இருட்டத் தொடங்கியிருந்த புல்வெளியில் பரவி, "சோடா! சோடா!" என்று தொண்டை வறளக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். ஒருத்திக்காக இத்தனை பேர். அவள் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் "இருக்கேன்" என்றாள். யாரும் திரும்பவில்லை. கடைசியில் கூட்டத்தை விட்டு விலகி, வெளிக்கதவின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, வெறிச்சோடிய தெருவைப் பார்த்து, "ரேடியோ! ரேடியோ!" என்று கூவத் தொடங்கினாள். மைதானத்தில் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. தோழிகள் நின்ற இடத்திலேயே நின்று, தன் பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.